இசைக்கென ஒரு தனிக் கருவி

இல்லத்தில் இசை கேட்பதற்குக் கணினியே போதும் என்பர் பலர். திகனவில் வாழும் பழைய மாணவராகிய எமக்கு அஃது உடன்பாடன்று.

கணினியின் ஒலி தாழ்ந்தது என நாம் கூறவில்லை. இசைவட்டு ஒரு விநாடி ஒலியை 44,100 கூறுகளாகப் பகுத்து எண்களாக்குகின்றது. அவ்வெண்கள் எக்கருவியிலும் ஒன்றே. வேறுபாடு கேட்போர் உள்ளத்திலேயே உளது. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். இன்று அவரைப் பதிவுகளிலேயே கேட்கின்றோம். அவ்வாசிப்பின் நடுவே, கடிதம் வந்ததெனக் கணினி மணியடித்தால், அறுந்த இழையை யார் முடிவது?

இசைக்கெனவே அமைந்த சிறு கருவிக்கு வேறு அலுவல் இல்லை. 2022இல் நாடெங்கும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது மேசைக் கணினிகள் ஊமையாயின. மின்கலத்தில் இயங்கும் அக்கருவியோ இருளிலும் பாடிற்று.

செலவு மிகும் என்பார் கூற்று மெய்யே. இசைவட்டுகளைப் படியெடுக்கவும் பேணவும் கணினி வேண்டும் என்பதையும் மறுக்கிலோம். படியெடுப்பது வேறு; கேட்பது வேறு.

எமது மாணவப் பருவத்தில் வானொலிப் பெட்டி ஒன்றே செய்தது; அதன் முன் அமர்ந்த நாமும் ஒன்றே செய்தோம். செவிகொடுத்துக் கேட்கும் அப்பழக்கம் அருகி வருகின்றது. விழாக் காணும் இவ்வாண்டில் இளைய மாணவர்க்கு நாம் விட்டுச்செல்ல விரும்புவது அதுவே. கருவி அதற்கொரு துணை.