அவளையும் கேளுங்கள்!

பண்ணைப்புரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு வயது 18. பிறவியிலேயே காது கேளாது. வாய் பேச வராது. இரண்டு மாதமாக வயிற்றுவலி. மாதவிலக்கும் சரியாக இல்லை. தாய் பதறிப்போய், மகளை அழைத்துக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறுகிறாள்.

டாக்டர் கேள்வி கேட்கிறார். தாய் பதில் சொல்கிறாள். மகளோ, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

நோய் மகளுக்கு. பதில் தாயிடம்! இது என்ன நியாயம்?

"அவளுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். பசிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதா?

புனேயில் நடந்தது

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? 1994-ம் ஆண்டு புனேயில், அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்கள் பலருக்கு ஆபரேஷன் செய்து, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மாதவிலக்கு நாட்களில் சுத்தமாக இருக்கத் தெரியவில்லையாம்! நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

2009-ல் இன்னொரு வழக்கு. சண்டிகார் அரசு இல்லத்தில் இருந்த, மனவளர்ச்சி சற்றுக் குன்றிய இளம்பெண் ஒருத்தி, பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமானாள். கருவைக் கலைக்க ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அவளோ குழந்தையைப் பெற விரும்பினாள். "அவள் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது" என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

சட்டம் சொல்வது

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பிள்ளைப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய விவரங்கள் அவர்களுக்கும் கிடைக்க அரசு வழி செய்யவேண்டும். அவர்கள் விவரம் அறிந்து, மனமார சம்மதிக்காமல், பிள்ளை பிறக்காதபடி செய்யும் எந்தச் சிகிச்சையும் கூடாது. ஆணானாலும் பெண்ணானாலும் இதே சட்டம்தான்.

செய்ய வேண்டியது என்ன?

தாய்மார்களே! மாதவிலக்கு என்றால் என்ன, கர்ப்பம் எப்படி உண்டாகிறது, யார் தொட்டால் தடுக்க வேண்டும் என்பதை மகளுக்கு அவள் அறிந்த சைகையில் சொல்லிக் கொடுங்கள். மகனுக்குத் தகப்பனார் சொல்லட்டும். "இதற்கெல்லாம் இவளுக்கு என்ன அவசியம்?" என்று மூடி மறைத்தால், கெட்டவனுக்குத்தான் லாபம்.

ஆஸ்பத்திரியிலும் மாற்றம் வேண்டும். பேச முடியாதவளிடம் படம் காட்டிக் கேட்கலாம். சைகை மொழி அறிந்தவரை வரவழைக்கலாம். சக்கர நாற்காலியில் வருபவளுக்குத் தாழ்வான கட்டில் போடலாம். தாய்க்கு முன்னால் சொல்ல வெட்கப்படுகிறாளா? தாய் சற்று வெளியே இருக்கட்டும்.

சட்டம் டெல்லியில் பிறந்துவிட்டது. அது பண்ணைப்புரத்து வீட்டுக்குள் வரவேண்டுமானால், ஒரே வழிதான் உண்டு.

அவளைப் பற்றிப் பேசும்போது, அவளையும் கேளுங்கள்!