பத்து வெள்ளியும் ஒரு ரசீதும்

வானொலியில் சிறுதொழில் பற்றிப் பேசும் நாளெல்லாம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, வேலை தெரியும். முதலுக்கு எங்கே போறது?" ரந்தாவ், லுக்குட், லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலானின் தோட்டப் பக்கங்களிலிருந்து அழைப்பவர்கள் இதைக் கேட்காமல் போனை வைப்பதில்லை. பலகாரம் சுடுவதிலும் தையலிலும் மோட்டார் பழுது பார்ப்பதிலும் கெட்டிக்காரர்கள் அவர்கள்.

பதிலுக்கு வெளிநாட்டுக் கோடீஸ்வரர்களைத் தேடிப் போக வேண்டாம். நம் தோட்ட வரலாற்றிலேயே அது இருக்கிறது. துன் வீ.தி. சம்பந்தனை அமைச்சராக, ம.இ.கா. தலைவராகத்தான் நமக்குத் தெரியும். ஒரு தொழிலைத் தொடங்கியவராக அவரைக் கொஞ்சம் பார்ப்போம்.

மெர்டேக்காவை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். அதைத்தான் நம் பெரியவர்கள் 'தோட்டத் துண்டாடல்' என்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் தனியாக ஓர் ஆய்வே செய்தார். நிலம் துண்டானால் பழைய ஆட்களுக்கு வேலை இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். அதன் பின்னாலேயே பள்ளியும் கோயிலும் ஆட்டம் காணும்.

இந்த நிலையில்தான் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சம்பந்தன் தொடங்கினார். பாட்டாளிகளே பணம் போட்டுத் தோட்டத்தை வாங்குவது என்பது திட்டம். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கலாம். அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது பால்மரம் வெட்டுபவருக்குச் சில நாள் கூலி. சங்கம் முதலில் வாங்கிய தோட்டம், கெடாவில் உள்ள புக்கிட் சீடிம்.

இதில் நமக்கு என்ன பாடம்?

முதலாவது, மக்களின் வாசலுக்கே வந்துவிட்ட ஒரு கஷ்டத்திலிருந்து அவர் தொடங்கினார். யாருக்கு இது தேவை என்று ஊர் ஊராக விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இன்று நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் பழைய தோட்ட நிலங்களில் தாமான்கள் எழுந்திருக்கின்றன. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். மாலையில் சமைக்க நேரமில்லை, பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. உங்கள் வாடிக்கையாளர் பக்கத்துச் சாலையிலேயே இருக்கலாம்.

இரண்டாவது, கணக்கு. அமைச்சர் கேட்டார் என்பதற்காக ஒருமுறை பணம் கொடுக்கலாம். தவணை தவறாமல் கட்ட வேண்டுமென்றால், பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் எண் உண்டு, ரசீது உண்டு, ஆண்டுக் கூட்டம் உண்டு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

சிறு பணம் சேர்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. லயத்துக்கு லயம் கூட்டுப் பிடித்தவர்கள்தானே நாம்! ஆனால் அங்கே எல்லாம் வாய்ப்பேச்சு. எடுத்தவர் ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை. கூட்டு நடத்துவதை ஒரு தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971இல் சட்டமே வந்தது. இரண்டிலும் போட்டது சிறு பணம்தான். கணக்கு இருந்த இடத்தில் அது தோட்டமாக நின்றது. இல்லாத இடத்தில் பல குடும்பங்களுக்குச் சண்டைதான் மிஞ்சியது.

வீட்டில் நடக்கும் தொழிலுக்கும் இதே விதிதான். தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்ற பணம் மளிகைக் கடைக்கும் பிள்ளையின் பள்ளிப் பஸ்ஸுக்கும் போய்விட்டால், லாபமா நட்டமா என்று எப்படித் தெரியும்? தொழிலுக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வையுங்கள். எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். பிறகு தெக்குன் நிறுவனத்தின் 'ஸ்பூமி' கடனுதவிக்கோ வங்கிக்கோ போகும்போது காட்டுவதற்குக் கையில் காகிதம் இருக்கும். நீங்கள் பத்து வருடமாக நல்ல இட்லி விற்பது ஊருக்குத் தெரியும். கடன் கொடுக்கும் அதிகாரிக்கு அதை எப்படித் தெரியவைப்பது?

மூன்றாவது, தொடங்கியவர் போனாலும் தொழில் நிற்க வேண்டும். சம்பந்தன் 1979இல் காலமானார். சங்கம் அவரோடு போய்விடவில்லை. நம் வீட்டுத் தொழில்களோ அம்மாவுக்கு முட்டிவலி வந்தால் படுத்துவிடுகின்றன. மசாலா அளவு அவர் கைக்கு மட்டுமே தெரியும். ஆர்டர் கொடுப்பவர்களின் எண்கள் அவர் போனில் மட்டுமே இருக்கும். அளவை எழுதி வையுங்கள், மருமகளுக்கோ மகனுக்கோ சொல்லிக் கொடுங்கள்.

சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பதும் உண்மை. நம் மாநிலத்திலேயே லயங்கள் இருந்த இடம் தெரியாமல் போன தோட்டங்கள் எத்தனை! அங்கிருந்து வந்தவர்கள் இன்று அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். தோட்டம் கொடுத்த வீடும் இல்லை, வேலையும் இல்லை. அவர்களில் பலருக்கு இந்தச் சிறுதொழில்தான் வீட்டு வாடகை, அதுதான் பிள்ளையின் படிப்பு. அதனால்தான் அதை விளையாட்டாக நடத்தக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முதல் இல்லையே என்று இன்னும் யோசிக்கிறீர்களா? இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வந்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம். மூன்று மாதம் விடாமல் எழுதிப் பாருங்கள். எவ்வளவு பணம் தேவை, யாரிடம் கேட்பது என்பதற்கு அந்த நோட்டே பதில் சொல்லும்.