ரிட்டயர்டு சிப்பாய்க்கு ஒரு டியூட்டி கொடுங்கள்!

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் விடியற்காலையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? சேர்வராயன் மலை மேல் வெளிச்சம் விழுவதற்கு முன்னாலேயே சிலர் ஷேவ் செய்து, தலை வாரி, கான்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்துவிடுவார்கள். பென்ஷன் வாங்க ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். முதுகு மட்டும் இன்னும் 'அட்டென்ஷ'னில்! விசாரிக்கவே வேண்டாம், ராணுவத்தில் இருந்தவர்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அப்பாவாக, மாமனாராக, பெரியப்பாவாக. அவர் ஒரு நாள் தெருவில் நொண்டிக்கொண்டிருந்த நாயைக் கூட்டி வந்து வராந்தாவில் கட்டிவிட்டு, "இது இனிமே இங்கதான் இருக்கும்" என்று சொன்னால் என்ன நடக்கும்?

"மாமா, வீட்டுல சின்னக் குழந்தை இருக்குதுங்க. கடிச்சு வெச்சுட்டா என்னங்க பண்றது?" இது மருமகள்.

"நாய்தான் வேணும்னா நல்ல ஜாதிக் குட்டியா வாங்கித் தர்றேன்ப்பா. தெரு நாய் எதுக்கு?" இது மகன்.

"ஏங்க, உங்களைப் பாத்துக்கவே இங்க ஆளில்லை. இதுல இது வேறயா?" இது மனைவி.

மூன்று கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் அந்தப் பெரியவர் கட்சிதான். ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரண்டு ரிட்டயர்மென்ட்

மற்றவர்களுக்கு ஐம்பத்தெட்டு, அறுபதில் ஒரு ரிட்டயர்மென்ட். சிப்பாய்க்கு அப்படியில்லை. பதினைந்து, பதினேழு வருஷ சர்வீஸ் முடித்து, நாற்பது வயதுக்கு முன்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் பாங்கிலோ, மில்லிலோ செக்யூரிட்டி வேலை. அதுவும் முடிந்தால் இரண்டாவது ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகுதான் கஷ்டமே ஆரம்பிக்கிறது.

அவருடைய வாழ்க்கை முழுக்க ஒரு மணியில் ஆரம்பித்து ஒரு மணியில் முடிந்தது. இந்த நேரத்தில் இந்த இடத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கேள்வி கேட்பார்கள். இப்போது? பால் பாக்கெட் வாங்குவது, கரண்ட் பில் கட்டுவது, மாதம் ஒரு தடவை கேன்டீன், இ.சி.ஹெச்.எஸ். கிளினிக்கில் சர்க்கரை மாத்திரை. நவம்பர் வந்தால் 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று சர்க்காருக்கு லைஃப் சர்டிஃபிகேட். வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கார் கேட்கிறது. தினமும் வீட்டில் அதைக் கேட்கிறவர்கள் யார்?

நாம் அவரை நன்றாகத்தான் வைத்திருக்கிறோம். வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, டி.வி., தனி ரூம். ஆனால் அவரை 'கவனிக்க' எல்லோரும் இருக்கிறோமே தவிர, அவர் கவனிக்க வேண்டிய ஜீவன் ஒன்றுகூட இல்லை! மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நாய் வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாக மாறுகிறது. ஆறு மணிக்கு அவர் எழுந்தே ஆக வேண்டும். மழை என்றாலும், மூட்டு வலி என்றாலும் ஒரு ஜீவன் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் டியூட்டி. டாக்டர் "தினமும் நடங்க" என்று எழுதிக் கொடுத்த சீட்டு அலமாரியில் கிடக்கும். நாய் அலமாரியில் கிடக்காதே!

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

'இதெல்லாம் பாசத்தில் சொல்வது' என்று நினைக்காதீர்கள். 1980-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், மாரடைப்பு போன்ற இருதயக் கோளாறால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். வளர்ப்புப் பிராணி வைத்திருந்த 53 பேரில் இறந்தவர்கள் 3. வைத்திருக்காத 39 பேரில் 11! சின்ன ஆராய்ச்சிதான். இதை மட்டும் வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர்களை யோசிக்க வைத்தது.

2013-ல் அமெரிக்க இருதய சங்கம் அதுவரை வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் அலசிப் பார்த்துவிட்டு, நாய் வளர்ப்பதற்கும் இருதய நோய் அபாயம் குறைவதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று சொன்னது. கையோடு ஓர் எச்சரிக்கையும் கொடுத்தது. 'இருதயத்துக்கு நல்லது என்பதற்காக மட்டும் நாய் வாங்காதீர்கள்' என்று! எவ்வளவு சரியான பேச்சு பாருங்கள். நாய் மாத்திரை இல்லை, வீட்டுக்கு வருகிற ஆள்.

போர்முனையில் பார்த்ததை மறக்க முடியாமல் தூக்கம் கெட்டுத் தவிக்கிற வீரர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் 'கே நைன்ஸ் ஃபார் வாரியர்ஸ்' என்று ஓர் அமைப்பு 2011 முதல் நடக்கிறது. கைவிடப்பட்ட நாய்கள் இருக்கும் காப்பகங்களிலிருந்து பல நாய்களை எடுத்துப் பழக்கி, முன்னாள் வீரர்களிடம் ஒப்படைக்கிறார்கள். அங்கே 156 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2024-ல் வெளியானது. நாய் கிடைத்த 81 பேருக்கு மூன்று மாதத்தில், காத்திருப்போர் பட்டியலில் இருந்த 75 பேரைவிட மனக்காயத்தின் தொல்லைகளும் படபடப்பும் சோர்வும் குறைந்திருந்தன. இவை விசேஷமாகப் பயிற்சி பெற்ற நாய்கள் என்பதை மறக்கக்கூடாது. அந்த வீரர்கள் வழக்கமான சிகிச்சையையும் விடவில்லை. நம் வீட்டு மணியோ டைகரோ டாக்டர் ஆகிவிடாது. டாக்டர் சொல்வதை அவர் கேட்க வைக்கும், அவ்வளவுதான்.

சிப்பாய்க்கு நாயைத் தெரியும்

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ராணுவத்தில் இருந்தவருக்கு நாய் என்றால் வேறு மாதிரி. 2023 செப்டம்பரில் ஜம்முவின் ரஜௌரி பகுதியில் தீவிரவாதிகளைத் துரத்திப் போன படைக்கு முன்னால் ஓடியது கென்ட் என்ற ஆறு வயது லேப்ரடார். தன்னைப் பழக்கியவரைக் காப்பாற்றி, தான் குண்டடி பட்டுச் செத்தது. அதன் மேல் தேசியக்கொடி போர்த்தி மரியாதை செய்தார்கள்.

ஆனால் அதே ராணுவத்தில், வேலைக்கு லாயக்கில்லை என்று ஆகிவிட்ட நாய்களைக் கருணைக்கொலை செய்கிற வழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் அது வெளியே தெரிந்து, பெரிய எதிர்ப்புக் கிளம்பி, அந்த வழக்கம் மாறியது. இன்று ஓய்வு பெற்ற நாய்களை மீரட்டில் வைத்துப் பராமரிக்கிறார்கள். தத்தும் கொடுக்கிறார்கள்.

'உழைத்து முடித்தவனுக்கும் ஓர் இடம் வேண்டும்' என்பது யாருக்குப் புரிகிறதோ இல்லையோ, ரிட்டயர்டு சிப்பாய்க்குப் புரியும். தெருவில் நொண்டுகிற நாயை அவர் ஏன் கூட்டி வந்தார் என்று இப்போது தெரிகிறதா?

சரி, மருமகளுக்கு என்ன பதில்?

அந்தப் பெண்ணின் பயம் பொய்யில்லை. ரேபீஸ் வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. பயத்துக்குப் பதில் பாசம் இல்லை, ஒழுங்கு. அதற்குத்தான் சிப்பாய் இருக்கிறாரே! அவரிடம் இந்தக் கண்டிஷன்களைப் போடுங்கள்.

நாய் வந்த அன்றே கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. ரேபீஸ் ஊசியும் மற்ற தடுப்பூசிகளும் போட்டு, அட்டை வாங்கி, டாக்டர் சொல்லும் தேதியில் மறு ஊசி. பூச்சி மருந்து, உண்ணி மருந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். மாநகராட்சியில் உரிமம் எடுக்க வேண்டுமா என்று ஒரு நடை விசாரித்துவிடுங்கள்.

பேரக் குழந்தையையும் நாயையும் பெரியவர்கள் இல்லாமல் ஒன்றாக விடவே கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக்கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மீறி ஒரு கீறல் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், மஞ்சள் என்று எதையும் அப்பாதீர்கள். நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். 'நம்ம வீட்டு நாய்தானே' என்ற சமாதானம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மகனுக்கு ஒரு வார்த்தை

குட்டி வாங்கித் தருகிறேன் என்கிறீர்களே, கொஞ்சம் கணக்குப் போடுங்கள். நாய் பத்து, பன்னிரண்டு வருஷம் வாழும். எழுபத்தைந்து வயதுக்காரர் கையில் குட்டியைக் கொடுத்தால் அது போகும்போது அவருக்கு என்ன வயது? தவிர, குட்டி காலுக்குள் புகுந்து ஓடும், இழுக்கும். அமெரிக்காவில் 2004-ல் இருந்து 2017-க்குள், கயிற்றில் கட்டிய நாயோடு நடக்கும்போது விழுந்து எலும்பு முறித்துக்கொண்ட 65 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வயதில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகையால் நாலு, ஐந்து வயதான, தெருவில் எல்லோருக்கும் பழகிய, சாது நாய்தான் பெரியவருக்கு ஏற்றது. நம்ம ஊர் வெயிலுக்குப் பழகிய உடம்பு, குட்டை முடி, குளிப்பாட்டுவது சுலபம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடிக்க வேண்டும். நல்ல பிடிமானம் உள்ள ஷூ வேண்டும். தலைசுற்றல், நடைத் தடுமாற்றம் இருக்கிறவர் டாக்டரைக் கேட்ட பிறகுதான் கயிற்றைத் தொட வேண்டும்.

முக்கியமான விஷயம் இன்னொன்று. நாமாகப் போய் அவர் தலையில் நாயைக் கட்டக்கூடாது. ஆசைப்பட்டு அவர் கேட்டால் மட்டுமே.

மனைவியின் கேள்வி

"உங்களைப் பாத்துக்கவே ஆளில்லை" என்றார்களே, அதுதான் மூன்றிலும் கனமான கேள்வி. நாளைக்கு அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் நாய்க்குச் சோறு போடுவது யார்? அவருக்குப் பிறகு அதற்கு யார்? இதைப் பேசாமல் எந்த வீடும் நாயை உள்ளே விடக்கூடாது என்பேன்.

2025 ஆகஸ்டில் தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். விரும்புகிறவர்கள் விண்ணப்பம் கொடுத்துத் தத்து எடுக்கலாம், ஆனால் எடுத்த நாய் மறுபடி தெருவுக்குத் திரும்பக்கூடாது. தத்து என்றால் தத்துதான். பாதியில் கைகழுவ முடியாது.

அதனால் நாய் வருகிற அன்றைக்கே குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து பேசுங்கள். மகனோ, பேரனோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஒருவர் 'அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்' என்று பொறுப்பு ஏற்க வேண்டும். யாரும் ஏற்க மாட்டார்கள் என்றால், நாயை உள்ளே கொண்டுவர வேண்டாம். தெருவிலேயே அதற்கு ஊசியும் ஆபரேஷனும் செய்ய வழி பண்ணட்டும். அதுவும் ஒரு டியூட்டிதான்.

'நாய் முந்திக்கொண்டால் அவர் தாங்குவாரா?' என்றும் கேட்பீர்கள். கூட நின்றவர்களைப் பறிகொடுத்துப் பழகிய மனிதர் அவர். அழுவார். ஆனால் இழந்து அழுவதைவிட, இழக்க ஒன்றுமே இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை இல்லையா?

அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பெரியவர் தெருமுனையில் நின்று ஒரு நாயோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், "உள்ள வாங்கப்பா, வெயில்ல என்ன பண்றீங்க?" என்று கூப்பிடாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். "இதுக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்கப்பா?" என்று கேளுங்கள்.

பேர் எப்போதோ வைத்திருப்பார். நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்!