மத்தியானத்தோட வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க

சொர்ணவாரி அறுப்பு முடிஞ்சு வேர்க்கடலை பிடுங்க ஆரம்பிச்சாச்சு. இந்த நேரத்துல எங்க பக்கத்து பிள்ளைங்க பலபேரு சத்துணவு சாப்பிட்டதும் பையைத் தூக்கிட்டு கொல்லிக்கு வந்துடறாங்க. மாமல்லபுரம் கடலோரக் குப்பங்கள்ல இது காலையிலயே நடக்கும். போட்டு கரைக்கு வர்ற நேரமும் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரமும் ஒண்ணுதான்.

கேட்டா, "விவசாயி பிள்ளை தொழில் கத்துக்க வேணாமா?"ன்றாங்க. இந்தப் பேச்சு புதுசு இல்ல. 1953ல ராஜாஜி முதல்வரா இருந்தப்ப கிராமத்துப் பள்ளிக்கூடத்தை ஒரு நாளைக்கு 3 மணி நேரமா குறைச்சாங்க. மீதி நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கணுமாம். குலக்கல்வின்னு பெரிய எதிர்ப்பு. 1954ல காமராஜர் வந்ததும் அதைத் தூக்கிட்டாரு. அரசாங்கம் கைவிட்டதை நாமே வீட்டுல நடத்திக்கிட்டிருக்கோம்.

கூலிக்கு ஆள் கிடைக்கலங்கறது நிஜம். என் கொல்லியிலயும் அதே கதைதான். ஆனா தொழில் கத்துக்க சனி ஞாயிறு இருக்கு, மே மாசம் முழுக்க இருக்கு. கணக்குப் பாடம் திரும்ப வராது. நெல் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா மூட்டையை ஒதுக்குறாங்க. சதவீதம்னா என்னன்னு தெரியாதவன் 40 கிலோ மூட்டை எத்தனை போனாலும் தலையாட்டிட்டுதான் வருவான். அதுவும் விவசாயம்தானே?

லேட்டா போறதுக்கு ஒரு காரணம் வெறும் வயிறு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல மதுரையில தொடங்கி, அடுத்த வருசம் ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. சின்னப் பிள்ளைங்க இப்ப மணிக்கு முன்னாடியே போயிடுதுங்க. நல்ல திட்டம், யார் கொண்டு வந்தா என்ன. ஆனா அது அஞ்சாவது வரைக்கும்தான்.

பெரிய பிள்ளைங்களுக்கு பஸ்தான் பிரச்சனை. எங்க ஊருக்கு வர்ற காலை பஸ்ஸை விட்டா அடுத்தது வர்றதுக்குள்ள முதல் பீரியடு முடிஞ்சிடும். அதுக்குப் பிள்ளையைத் திட்டி என்ன ஆவப்போவுது? அக்டோபர் 2 கிராம சபையில பஸ் நேரத்தை மாத்தச் சொல்லி மனு குடுக்கப் போறேன். படிக்கிற பிள்ளைங்க இருக்கற வீட்டுக்காரங்க வந்து ஒரு கையெழுத்து போடுங்க.