365 படி தெரிஞ்சதால போன மார்க்

கேள்வி: திருத்தணி மலைப்படியில் ராஜா மேலிருந்து எத்தனையாவது படியில் நிற்கிறான்?
கூற்று 1: கீழிருந்து 100ஆவது படி.
கூற்று 2: மொத்தம் 365 படிகள்.

நம்ம ஊர்ப் பசங்க "முதல் கூற்றே போதும்"னு டிக் பண்ணிடுவாங்க. 365 நமக்குத்தான் மனப்பாடமாச்சே! ஆனா அது தப்பு. கூற்று 1-ல் மொத்தப் படிகள் சொல்லப்படவில்லை. நம் தலையில் இருப்பது கணக்கில் சேராது. இரண்டும் சேர்ந்தால்தான் போதும்.

365 − 100 + 1 = 266. இந்தக் கணக்கைக்கூடப் போட வேண்டாம். போட முடியும்னு தெரிஞ்சாலே விடை ரெடி. விடை வரைக்கும் போட்டே பழகிய கை நமக்கு. பிளேஸ்மென்ட் தேர்வில் நேரம் கரைவது அங்கேதான்.

ஃபார்முலாவைவிட முக்கியம், கொடுத்தது எது, நாமாகச் சேர்த்தது எதுன்னு பிரிக்கிற பழக்கம். அதை முதலில் பழகுவோம்.