அட்டையை எங்கே ஒட்டுவது?

காஞ்சிபுரம் நெசவாளர் கையில் யூபிஐ வந்துவிட்டது, இனி இடைத்தரகருக்கு வேலையில்லை என்று எழுதுகிறவர்களிடம் ஒரு கேள்வி: அந்தக் கியூஆர் அட்டையை எங்கே ஒட்டச் சொல்கிறீர்கள், தறிக்கட்டையிலா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்கிறவரின் தறியில் ஓடுவது அடுத்தவர் பாவு. மாஸ்டர் வீவரோ கூட்டுறவுச் சங்கமோ பட்டும் ஜரிகையும் கொடுக்கும். நெய்து கொடுத்தால் கூலி. புடவை அவருடையதே அல்ல. விற்க ஒன்றுமில்லாதவரிடம் பணம் வாங்கும் கருவியைக் கொடுத்துவிட்டு விடுதலை என்கிறீர்கள்! 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை. யூபிஐ 2016லேயே வந்துவிட்டது. கூலி கையில் வந்தாலென்ன, கணக்கில் ஏறினாலென்ன, தொகை அதேதான்.

ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவுக்குச் சில்லறைத் தொல்லை குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பூ அவருடையது.

சொந்தமாகப் பாவு போட்டு விற்கட்டும் என்பீர்கள். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வர வேண்டும். முதலில் பணம் போட வேண்டும். கோர்வைப் புடவை நெய்து முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும், விற்பது அப்புறம். அதுவரை அடுப்பெரிவது முதலாளி தரும் முன்பணத்தில். அந்த முன்பணம்தான் நெசவாளரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதும் உண்மை. அதை அவிழ்க்கக் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். செயலியில் வரவு செலவுப் பதிவு இருந்தால் கடன் தேடி வருமாம். கூலி நெசவாளரின் பதிவில் என்ன இருக்கும், எப்போதோ விழும் கூலியைத் தவிர?

பதிவைத் தேடி வந்தது வேறொன்று. கர்நாடகத்தில் யூபிஐ வரவைக் கூட்டிப் பார்த்த வணிகவரித் துறை, சிறுகடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. 2025 ஜூலையில் பெங்களூரில் பல கடைக்காரர்கள் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி மாட்டினார்கள். உங்கள் கட்டுரைகளில் அந்தக் கடைகள் வருவதேயில்லை.

நேரடி இணைய விற்பனை என்ற வாதம் கடன் வாதத்தைவிட மோசம். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டாகிறது. ஆனாலும் அதே பெயரில் விசைத்தறிப் புடவை அதே கைபேசியில் கால்வாசி விலைக்கு வருகிறது. 11 ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985லிருந்து இருக்கிறது. டிஜிட்டல் புரட்சிக்கு அடுத்த வாழ்த்துரை எழுதும்முன், அந்தச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லி ஒரு வரியாவது எழுதுங்கள்.