மருந்துச்சீட்டில் இல்லாத மருந்து

வளைகுடாவில் நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும் நம்மவர் பலர். மனச்சோர்வை வாய்விட்டுச் சொல்வோர் சிலரே. ஓயாத உளைச்சல் கார்ட்டிசால் சுரப்பைக் கூட்டிச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. சோர்ந்த மனம் மாத்திரையை மறக்கிறது, நடைப்பயிற்சியைக் கைவிடுகிறது.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது. அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துவர மாதம் 4,000 திர்ஹமோ, தங்குமிடத்துடன் 3,000 திர்ஹமோ ஊதியம் வேண்டும் என்பது 2019இல் வந்த விதி. அதனை எட்டாத முகாம்வாழ் தமிழருக்குக் கைப்பேசித் திரையே குடும்பம்.

பெற்றோரே, விடுமுறை நாளில் அத்தகைய ஒருவரை உணவுக்கு அழையுங்கள். இளைஞரே, அவரோடு பேசியபடி நடங்கள். இரத்த அழுத்தத்தை அளந்து கொடுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு அது 130/80ஐத் தொடர்ந்து தாண்டினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். விழா எடுப்பதினும் இது பெரிய தமிழ்ப்பணி.